பரண்மேல் கிடந்த மருந்துக்கொம்பு

போன சித்திரையில் எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். மழைக்கு ஒழுக ஆரம்பித்து நாலு வருஷமாச்சு, கைமரமெல்லாம் கரையான் தின்னுடுச்சு. பரண்மேல் இருந்த சாமான்களை ஒவ்வொண்ணா இறக்கினப்போ ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி கைக்கு வந்தது. திறந்தா உள்ளே ஒரு மாட்டுக்கொம்பு, வாயில் மரக்கட்டை அடைப்போட. உள்ளங்கை அளவு வட்டமா ஒரு தகர டப்பி. தோல் சுருக்குப்பை ஒண்ணு, அதில் கைப்பிடி ஈய ரவை. ஒரு காலிப் பித்தளைத் தோட்டா. எல்லாத்துக்கும் அடியில், ஓரமெல்லாம் எலி கடிச்ச ஒரு லைசென்ஸ் புத்தகம்.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். வீடு பிரிக்கறதுக்காக ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்திருந்தான். பெட்டியை எட்டிப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இதை வீட்டுல வச்சிருந்தா கேஸ் ஆவுமா?"

எங்க தாத்தா காலத்தில் துப்பாக்கி கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. வீட்டுக்கு வர்றவங்க பார்க்கணும்னே மாட்டி வச்சிருந்தது. அதே துப்பாக்கியோட காலி டப்பாவைப் பார்த்து அவர் கொள்ளுப்பேரன் கேஸ் ஆகுமான்னு கேட்கிறான். இந்த அறுபது வருஷத்தில் நடுவில் என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். அதைத்தான் எழுதறேன். பெட்டியில் இருந்ததை ஒவ்வொண்ணா எடுத்து வச்சாலே போதும், சரித்திரம் தானா வந்துடும்.

கொம்பு

அது கரிமருந்து வைக்கிற கொம்பு. பட்டணத்து ஆளுங்களுக்கு நாட்டுத் துப்பாக்கின்னா சினிமாவில் பார்த்ததுதான் ஞாபகம் வரும். அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இப்போ இருக்கிற துப்பாக்கிக்கெல்லாம் பின்பக்கம் தோட்டா போடணும். நாட்டுத் துப்பாக்கிக்குப் பின்பக்கம் அடைப்பு. எல்லாமே குழாயோட வாய் வழியாத்தான் உள்ளே போகணும். முதலில் மருந்து, அதுமேல தேங்காய் நாரோ கந்தல் துணியோ வச்சு ஒரு அடைப்பு, அதுமேல ஈய ரவை, கொட்டிடாம இருக்க இன்னொரு அடைப்பு. ஒவ்வொண்ணையும் ஒரு நீளக் கோலால் இடிச்சு இறுக்கணும். ஒரு முறை சுட்டா மறுபடி முதலில் இருந்து இத்தனையும் செய்யணும். கை தேர்ந்தவனுக்கே அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள கவுதாரி அடுத்த ஊர் எல்லையைத் தாண்டிடும்.

கரிமருந்து மூணு பொருள் சேர்ந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி. அளவையும் பக்குவத்தையும் நான் எழுதப்போறதில்லை. ஆனா இந்த வெடியுப்புக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. மாட்டுக் கொட்டாய் மண், பழைய சுவர் ஓரத்து மண், உவர் மண் இதிலெல்லாம் பூத்து நிக்கிற உப்பை வடிச்சுக் காய்ச்சி எடுக்கறதுதான் வெடியுப்பு. தமிழ்நாட்டில் உப்பிலியர்னு ஒரு ஜனம் உப்பும் வெடியுப்பும் காய்ச்சறதையே குலத்தொழிலா வச்சிருந்தாங்க. பீகார் வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்கு ஏத்தினாங்க. மிளகு, துணி மாதிரி அதுவும் ஒரு வியாபாரச் சரக்கு. ஐரோப்பாவில் நடந்த எத்தனையோ சண்டையில் வெடிச்சது நம்ம ஊர் மாட்டுக் கொட்டாய் மண்ணுதான்.

எங்க பக்கத்துக்கு இந்த மருந்து வாசனை புதுசில்லை. செஞ்சி ராஜகிரி மலை உச்சியில் நெல் களஞ்சியத்தோட வெடிமருந்துக் கிடங்கும் இருக்கு. போன 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளைச் சேர்த்தப்போ அதில் தமிழ்நாட்டில் இருந்து போன ஒரே கோட்டை செஞ்சி. 1760 ஜனவரியில் வந்தவாசியில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதினாங்க. அதே வருஷம் திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டையையும் இங்கிலீஷ்காரன் பிடிச்சான். இதெல்லாம் எங்க ஊரில் இருந்து சைக்கிளில் போய்ட்டு வர்ற தூரம். அந்தச் சண்டையெல்லாம் வாய்வழி மருந்து போடற துப்பாக்கியை வச்சு நடந்ததுதான். சண்டைக்கு வந்த சிப்பாயோட துப்பாக்கி எந்த முறையோ, இருநூறு வருஷம் கழிச்சு எங்க தாத்தா மல்லாட்டைக் கொல்லைக் காவலுக்கு வச்சிருந்ததும் அதே முறைதான். பட்டாளம் மாறிப் போச்சு, குடியானவன் மாறலை.

வார்த்தையைக்கூடப் பாருங்க. துப்பாக்கி துருக்கியில் இருந்து வந்த சொல். தோட்டா உருது வழியா வந்தது. ஆனா வெடிக்கிற பொடிக்கு மட்டும் நம்ம ஆளுங்க 'மருந்து'ன்னு பேர் வச்சாங்க. சுத்தியல் மாதிரி பின்னால் மடங்கி வந்து அடிக்கிற பாகத்துக்குப் பேர் 'குதிரை'. குதிரையை ஏத்திட்டா ஜாக்கிரதைன்னு தாத்தா சொல்லுவாரு. சின்ன வயசில் நான் எங்கே குதிரைன்னு தேடியிருக்கேன்.

டப்பி

அந்த வட்ட டப்பி கேப்பு டப்பி. சின்னச் செம்புத் தொப்பி, உளுந்தைவிடக் கொஞ்சம் பெருசு. அதுக்குள்ள தட்டினா தீப்பிடிக்கிற ஒரு பூச்சு. துப்பாக்கியோட பின்பக்க முலையில் இதை மாட்டி வச்சுட்டா, குதிரை வந்து அடிச்சதும் பொறி உள்ளே போய் மருந்தைப் பத்த வைக்கும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுக்கு முன்னால் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல்தான் இருந்தது. கல் உரசி, வெளியில் இருக்கிற கிண்ணியில் மருந்து புகைஞ்சு, அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அந்தப் பளிச்சைப் பார்த்துப் பறவை பறந்துடும். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித்னு ஒரு பாதிரியார். வாத்து சுடறதில் ஆசை உள்ளவர். சுடறதுக்கு முன்னாலயே வாத்து தப்பிச்சுப் போகுதேன்னு கடுப்பாகி, தட்டினா வெடிக்கிற ரசாயனத்தை வச்சு ஒரு விசை செஞ்சார். 1807-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் பின்னாடி செம்பு கேப்பா மாறி உலகத்துப் பட்டாளத்துக்கெல்லாம் போச்சு. ஒரு பாதிரியாரோட வாத்துக்கறி ஆசையில் இருந்து எத்தனை ஆயிரம் சண்டை.

லைசென்ஸ் புத்தகம்

தாத்தா லைசென்ஸ் எடுத்தது 1963-ல். அப்போ எங்க ஊர் தென்னார்க்காடு ஜில்லா, தலைமை இடம் கடலூர். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-லதான். புதுப்பிக்கணும்னா விடியக்காலையில் கட்டுச்சோத்தோட பஸ் ஏறுவாராம்.

இந்த லைசென்ஸ் சமாசாரம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. 1857 கலகத்துக்கு மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவின தோட்டான்னு வந்த பேச்சும் ஒரு காரணம்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. அந்தத் தோட்டா காகிதத்தில் சுருட்டினது. பல்லால் கடிச்சுப் பிரிச்சு மருந்தைக் குழாயில் கொட்டணும். அதனாலதான் கொழுப்பு வாயில் படும்ங்கிற பிரச்சினையே வந்தது. அதுக்கப்புறம் ஜனங்க கையில் இருக்கிற ஆயுதத்தைப் பார்த்தாலே சர்க்காருக்குப் பயம். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்கணும்னா லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேணாம். காங்கிரஸ்காரங்க வருஷக்கணக்கா இதை எதிர்த்துப் பேசினாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல் புதுச் சட்டம் போட்டாங்க, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இதில் குடியானவனுக்குன்னு ஒரு வரி இருக்கு. நிஜமாவே பயிர்க் காவலுக்குன்னா வாய்வழி மருந்து போடற துப்பாக்கிக்கு அதிகாரி லைசென்ஸ் கொடுக்கணும். அது போதாதுன்னு அவருக்குத் திருப்தியானா வேற வழுவழுப்பான குழாய்த் துப்பாக்கியும் கொடுக்கலாம். அந்தச் சட்டம் அமலுக்கு வந்த அடுத்த வருஷமே எங்க தாத்தா லைசென்ஸ் வாங்கியிருக்கார். புத்தகத்திலும் பயிர் பாதுகாப்புக்கு மட்டும்னுதான் இருக்கு. அப்படின்னா நாங்க பண்டிகைக்குச் சாப்பிட்ட கவுதாரிக்கறி? அது சட்டத்தில் இல்லை. நாங்க அதைப் பத்தி யோசிச்சதும் இல்லை. எழுதறப்போ உண்மையைச் சொல்லிடணும்.

ரவைப் பை

ரவைப் பையைத் தைச்சவர் எங்க தாத்தா இல்லை. அந்தக் கொம்பைக் குடைஞ்சவரும் அவர் இல்லை. ரெண்டும் ஒரு நரிக்குறவப் பெரியவர் செஞ்சு கொடுத்தது.

வருஷா வருஷம் மார்கழி அறுப்பு முடிஞ்சதும் அவங்க கூட்டம் எங்க ஏரிக்கரைப் புளியந்தோப்பில் வந்து தங்கும். பத்துப் பன்னெண்டு குடும்பம். அவங்க பேசறது வாக்ரிபோலி, குஜராத்திக்குச் சொந்தக்கார மொழி. எப்போ எந்த வழியா இங்க வந்தாங்களோ, ஊர் ஊராப் போறதும் வேட்டையும்தான் பிழைப்பு. குருவிக்காரர்னும் சொல்லுவாங்க. காடை, கவுதாரி, கொக்கு, அணில், நரி, காட்டுப்பூனை எல்லாம் பிடிப்பாங்க. கண்ணிதான் முக்கியம், துப்பாக்கி அடுத்ததுதான். மருந்துக்குக் காசு ஆகும், கண்ணிக்கு ஆகாது.

அந்தப் பெரியவருக்கு எங்க தாத்தாவைவிட வயசு அதிகம். ஆனா தாத்தா அவரை "டேய்"ன்னுதான் கூப்பிடுவார், அவர் தாத்தாவை "சாமி"ம்பார். நாங்க குழந்தைங்ககூட "குறவா வந்துட்டான்"னுதான் கத்துவோம். இப்போ அதை நினைச்சா கூச்சமா இருக்கு. அப்போ அது யாருக்கும் தப்பாத் தெரியலை, அவரைத் தவிர. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அவர்தான் வாத்தியார். மருந்து மழை ஈரத்தில் நமுத்துப்போனா என்ன பண்றது, எந்த நார் அடைப்புக்கு நல்லது, ரவை அதிகம் போட்டா ஏன் சிதறும், எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. ஈயத்தைக் கரண்டியில் உருக்கித் துளித்துளியாத் தண்ணியில் விட்டு ரவை பண்ணுவார். இதே வேலையைத்தான் 1782-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்க்காரர் வில்லியம் வாட்ஸ் பெரிய அளவில் செஞ்சு காப்புரிமை வாங்கினார். உயரத்தில் இருந்து சல்லடை வழியா உருகின ஈயத்தை ஊத்தினா கீழே தண்ணித் தொட்டியில் விழறதுக்குள்ள அது உருண்டையாயிடும். அதுக்காகக் கோபுரமே கட்டினாங்க. எங்க பெரியவருக்குக் கோபுரம் இல்லை, அதனால அவர் ரவை கொஞ்சம் வாலோட இருக்கும். பையில் கிடந்ததைக் கையில் கொட்டிப் பார்த்தேன், வால் இருந்தது.

அவர் அடிச்சு அடிச்சுச் சொன்ன ஒரு பாடம் உண்டு. மருந்து போடறதுக்கு முன்னாடி வெறுங்கோலைக் குழாய்க்குள்ள விட்டுப் பார்க்கணும். காலியா இருந்தா கோல் இவ்வளவு வெளியில் நீட்டும், ஏற்கனவே போட்டிருந்தா இவ்வளவு நீட்டும். கோலில் அதுக்கு ஒரு வெட்டுக்குறி போட்டு வச்சிருப்பார். தாத்தா ஒரு நாள் அதைப் பார்க்கலை. முதல் நாள் ராத்திரி போட்ட மருந்து அப்படியே இருக்க, மறந்துபோய் அதுமேலயே இன்னொரு தரம் போட்டுட்டார். விடிகாலையில் கொல்லையில் நரிக்குக் குறி வச்சுச் சுட்டப்போ பின்பக்கம் பிச்சுக்கிட்டு இடது கையில் ரெண்டு விரல் போச்சு. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அந்தப் பெரியவர்தான். தன் தலைப்பாகையைக் கிழிச்சுக் கட்டு போட்டு, மாட்டு வண்டியில் திண்டிவனம் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையை மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தாராம். ஆயா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தாத்தா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனா அதுக்கப்புறம் அவரை "டேய்"ன்னு கூப்பிடறதை நிறுத்திட்டார்னும் ஆயாதான் சொன்னாங்க. வேற எப்படிக் கூப்பிட்டார்னு கேட்டேன். "எதுவும் சொல்லிக் கூப்பிடலை, நேரா அவர் கிட்டப் போய் நின்னு பேசுவாரு"ன்னாங்க.

பித்தளைத் தோட்டா

இது எங்களுடையது இல்லை. மெட்ராஸில் இருந்து ஒரு டாக்டர் மார்கழி, தை மாசத்தில் ஜீப்பில் வருவார். ஏரியில் உள்ளானும் வாத்தும் சுட. எங்க திண்ணையில்தான் தங்குவார். அவர் வச்சிருந்தது இரட்டைக் குழாய், பின்பக்கம் மடக்கித் தோட்டா போடறது. பி.ஆர்&சன்ஸ்னு மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கம்பெனி இருக்கே, அவங்க ஒரு காலத்தில் துப்பாக்கியும் வித்தாங்க. பழைய துப்பாக்கிங்க குழாய்மேல அந்தப் பேர் வெட்டியிருக்கும்.

தோட்டாங்கிறது என்ன? எங்க தாத்தா குழாயில் தனித்தனியாப் போட்ட அதே சாமான்தான். கேப்பு, மருந்து, அடைப்பு, ரவை, மேல் மூடி. இது அத்தனையையும் ஒரு காகித உறையிலோ பித்தளை உறையிலோ அடைச்சு வச்சுட்டா அது தோட்டா. மழை பெய்ஞ்சாலும் நமுக்காது, நொடியில் மாத்தலாம். பட்டாளத்துக்குத் தோட்டா செய்ய 1869-ல் புனா பக்கம் கிர்க்கியில் வெள்ளைக்காரன் தொழிற்சாலை வச்சான், இன்னைக்கும் அது இருக்கு. புகையில்லாத கார்டைட் மருந்து வந்தப்புறம் அதுக்கு நம்ம நீலகிரி அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை வந்தது. குன்னூர் ரயிலில் போறவங்க அந்த ஸ்டேஷன் பேரைப் பார்த்திருப்பீங்க.

தாள் தோட்டாவைச் சுட்டுட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். பித்தளை உறை அப்படி இல்லை, திரும்பத் திரும்ப அடைக்கலாம். வெளிநாட்டுத் தோட்டா சுலபமாக் கிடைக்காத காலம் அது. டாக்டர் சுட்ட உறையையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு வந்து, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் திண்ணையில் பரப்பி உட்காருவாராம். பழைய கேப்பைத் தட்டி எடுப்பார், புதுசு வைப்பார், சின்னக் கிண்ணத்தால் மருந்து அளப்பார், கம்பளி வட்டத்தை அமுக்குவார், ரவையைக் கொட்டி அட்டை மூடி போடுவார். நரிக்குறவப் பெரியவர் தூணோரம் குந்தி அதையே பார்த்துட்டு இருப்பாராம். கடைசியில் ஒரு நாள், "நாங்க குழாய்க்குள்ள பண்றதைத்தான சாமி நீங்க டம்ளருக்குள்ள பண்றீங்க"ன்னு கேட்டாராம். டாக்டர் சிரிச்சுட்டு ஒரு காலி உறையை அவருக்குக் கொடுத்தாராம். அவர் அதைத் தாத்தாகிட்ட கொடுத்துட்டார். தன் கையில் இருந்தா திருடினதுன்னு சொல்லுவாங்கன்னு.

அவர் பயந்தது காரணம் இல்லாம இல்லை. ஊர் சுத்தற ஜனங்களைப் பிறவித் திருடனாப் பார்க்கிற குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952-ல் நாடு முழுக்க அதை எடுத்தாங்க. சட்டத்தை எடுத்தாங்களே தவிர, பார்வையை எடுக்க முடியலை. டாக்டர் கையில் தோட்டா இருந்தா அது ஷிகார். குறவர் கையில் இருந்தா அது களவு.

அந்த உறையோட அடியில் '12'ன்னு இருக்கும். மகன் 12 மில்லிமீட்டரான்னு கேட்டான். இல்லை. குழாய் அகலத்துக்குச் சரியாப் பொருந்தற ஈய உருண்டை 12 சேர்த்தா ஒரு பவுண்டு எடை வரும், அதுதான் 12 போர். அளந்தா அந்த அகலம் சுமார் 18.5 மில்லிமீட்டர். நம்பர் கூடக் கூடக் குழாய் சின்னது. ரவைக்கும் அப்படித்தான். 6, 8 எல்லாம் பறவைக்கான பொடி ரவை. எல்.ஜி., எஸ்.ஜி.ன்னா பன்றிக்கான பெரிய குண்டு.

கதவு மூடின கதை

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சில விலங்கு, பறவைகளை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட அதில் வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அந்த வழியையும் மூடிட்டாங்க. எங்க ஊருக்குச் சட்டம் தபாலில் வரலை. 1980-களிலும் திண்டிவனம் ரோட்டோரத்தில் கவுதாரியைக் காலைக் கட்டி வித்துட்டு இருந்தாங்க. அப்புறம் கெடுபிடி ஆரம்பிச்சது, பிடிச்சா ஜெயில்னு ஆச்சு.

அந்தச் சட்டம் வேணும்னுதான் நான் சொல்லுவேன். மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல்காரங்க இதை எல்லாருக்கும் முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க ஏரிப் பறவையைச் சுட்டாங்கன்னு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் 1798-லயே யாரும் சுடக்கூடாதுன்னு கவுல் வாங்கினவங்க அவங்க. பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். எங்க மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் கழுவெளி 2021 டிசம்பரில் சரணாலயம் ஆச்சு, 5,151 ஹெக்டேர். ஈய ரவை சுட்டதோட முடியறதில்லை, தண்ணிக்கடியில் கிடந்து வாத்து அதைக் கல்லுன்னு முழுங்கி விஷமாகிச் சாகும். அதனாலயே அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாதுன்னு 1991-ல் நாடு முழுக்கத் தடை வந்தது. எங்க ஏரிச் சேத்தில் எங்க தாத்தாவும் டாக்டரும் விட்ட ஈயம் இன்னும் கிடக்கும்.

ஆனா கணக்கில் ஒரு பக்கம் எழுதாம விட்டுட்டாங்க. வேட்டை நின்னப்போ டாக்டருக்குப் பொழுதுபோக்குதான் போச்சு. தாத்தாவுக்குக் கறி போச்சு. பெரியவர் கூட்டத்துக்குச் சோறே போச்சு. அதுக்குப் பதிலா நிலமோ தொழிலோ யாரும் கையில் கொடுக்கலை. பாசிமணி, ஊசிமணி கோத்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தாங்க. பழங்குடின்னு அவங்களைச் சேர்க்கிற சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2023 ஜனவரியில்தான் வந்தது. 1972-க்கும் 2023-க்கும் நடுவில் ரெண்டு தலைமுறை.

எங்க துப்பாக்கி கதை சின்னது. தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும், முடிஞ்சதும் வாங்கிக்கணும். 1984 கடைசியில் தேர்தல் வந்தப்போ தாத்தா போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆகியிருந்தது. அப்பா கொண்டுபோய் ஒப்படைச்சார், திரும்பப் போய் வாங்கலை. வாரிசுப் பேருக்கு லைசென்ஸ் கேட்டிருக்கலாம். கேட்கலை. ரெண்டு விரல் இல்லாத கையைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

இப்போ

அப்போ எங்க கொல்லைக்கு வந்தது நரியும் காக்காயும்தான். இப்போ வர்றது காட்டுப்பன்றி. செஞ்சி மலைப் பக்கத்தில் இருந்து ராத்திரியில் கூட்டமா இறங்குது. மல்லாட்டை பிடிக்கிற சமயத்தில் ஒரு ராத்திரி வந்தா அரை ஏக்கர் உழுத மாதிரி ஆயிடும். போன வருஷம் எனக்கு ஒண்ணேகால் ஏக்கரில் ஏழு மூட்டை கூடத் தேறலை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு உத்தரவு போட்டது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டில் விடணும், மூணுக்கு மேல் வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம். குடியானவன் சுட முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் என்னன்னா, உத்தரவு காகிதத்தில் வேகமா வருது, கொல்லைக்கு ஆள் வர நேரமாகுது. அந்த இடைவெளியில் சில பேர் வேலியில் திருட்டுக் கரண்ட் விடறாங்க, சில பேர் பழத்துக்குள்ள வெடி வைக்கிறாங்க. அதில் பன்றி மட்டுமா சாகுது? மாடு சாகுது, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன மனுஷனும் செத்திருக்கான். அதுக்கு, கோலை விட்டுப் பார்த்து ஒரு தரம் சுடற அந்தத் துப்பாக்கியே மேல்னு எனக்குச் சில ராத்திரி தோணும். விடிஞ்சா தாத்தாவோட கை ஞாபகம் வரும். நான் தகரம் தட்டிக்கிட்டு டார்ச் லைட்டோட குந்தியிருக்கேன்.

மகன் கேட்ட கேள்விக்கு பதில் இதுதான். ஆயுதச் சட்டத்தில் தோட்டா மட்டும் இல்லை, தோட்டாவோட பாகங்களும் அதே கணக்குதான். அதனால தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய் டப்பி, ரவை, பித்தளை உறை எல்லாத்தையும் கடிதம் எழுதிக் கொடுத்து ஒப்படைச்சுட்டேன். ரசீது லைசென்ஸ் புத்தகத்துக்குள்ள இருக்கு.

கொம்பு காலிதான். அதை நல்லா கழுவிக் காய வச்சு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பெரியவரோட பேரன் அங்கதான் மணி விக்கிறார், என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவர் இருப்பார். "உங்க தாத்தா செஞ்சதுங்க இது"ன்னு கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடைப்பை எடுத்து மோந்து பார்த்தார். "இன்னும் வாசனை போகலை சாமி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இதை நாங்க வச்சிருந்தா போலீஸ் கேட்குமா?"ன்னும் கேட்டார். என் மகன் கேட்ட அதே கேள்வி. வெறும் கொம்புக்கு யாரும் கேட்க மாட்டாங்கன்னு சொன்னேன். அவர் நம்பலை. "உங்க வீட்டுலயே இருக்கட்டும் சாமி, நாங்க வந்து பார்த்துக்கிறோம்"னு திருப்பிக் கொடுத்துட்டார்.

அவர் மக பன்னெண்டாவது முடிச்சிருக்கா. பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மூணு தடவை மனு கொடுத்தும் எந்த ஊர் ஆளுன்னு காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம். அவங்க கூட்டம் எந்தெந்த வருஷம் எங்க ஏரிக்கரையில் தங்கினதுன்னு எனக்குத் தெரியும், என்னைவிட வயசான ரெண்டு பேருக்கும் தெரியும். வர்ற திங்கக்கிழமை நாங்க மூணு பேரும் அவங்களோட போய்க் கையெழுத்துப் போட்டுச் சொல்லப்போறோம். ஆனதை அடுத்த பதிவில் எழுதறேன்.